சத்தம் போட்டுப் படி

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்றைக்கும் மகளோடு சண்டை. எட்டாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலமாக வாயே திறக்கவில்லை.

"சத்தம் போட்டுப் படி பிள்ளை" என்றேன்.

"சத்தம் போட்டால் எனக்கு ஒண்டும் விளங்காதம்மா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்து படிக்கச் சொன்னேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த குருநகர் வீட்டில் அதுதான் சட்டம். செபமாலை முடிந்ததும் அப்பா சாய்மனைக் கதிரையில் சாய்வார். நான் அவருக்குக் கேட்கும்படி படிக்க வேண்டும். கடலுக்குப் போய் வந்த மனுசன், எழுத வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில் ஒருநாள் பழைய பாடத்தையே திரும்பப் படித்தேன். கண்ணைத் திறக்காமலே, "உது நேற்றுப் படிச்சதெல்லோ?" என்றார். உறங்கிவிட்டார் என்று நிறுத்தினாலும் விடமாட்டார். "ஏன் நிப்பாட்டினனி?" என்பார். என்னைக் காவல் காக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மகள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மகரந்தச் சேர்க்கையைப் படித்தாள். குரல் மட்டும் நன்றாக இருந்தது. பூவும் வண்டும் காதில் விழ, என்னை அறியாமல் கண்ணை மூடிவிட்டேன். குரல் நின்றது.

"ஏன் நிப்பாட்டினனி?"

"நீங்கள் நித்திரை எண்டு நினைச்சன்."

"இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், படி."

நாளையிலிருந்து அவள் மனதுக்குள்ளேயே படிக்கட்டும். படித்து முடிந்ததும் ஒரு பக்கம் மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். அது எனக்கு.