புது ஸ்டோருக்கு ஒரு கிலோ உப்பு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பாப்பாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தாயிற்று.

பாண்டிச்சேரி பதிப்பக ஆபீஸிலிருந்து புதுப் புத்தகம். நவீனப் போர்களில் படைகளுக்குச் சரக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது பற்றி. ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். கடைசியில் வரும் சொல்லடைவு என் வேலை, எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று. போன வருஷம் பீரங்கி. அதற்கு முன்னால் நீர்மூழ்கிக் கப்பல். மரக்காணத்தில் ஏவுகணை எத்தனை வகை என்று தெரிந்த ஒரே பொம்பளை நான்தான். மீன் விலையில்தான் ஏமாந்து போவேன்.

எழுதிய பேராசிரியருக்கு வாக்கியம் நீளம். இங்கே பஸ் ஏறின மாதிரி, அடுத்த ஊர் அனுமந்தையில்தான் இறங்க முடிகிறது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் அருள் போன். வடக்கே மலைப்பக்கம் அவருடைய ராணுவ யூனிட். ஸ்டோர் வேலை.

"ஸ்டோரைப் புது எடத்துக்கு மாத்திட்டாங்க. கொஞ்சம் முன்னாடி."

"முன்னாடின்னா?"

"முன்னாடின்னா முன்னாடி. நீ சாப்டியா?"

இப்படித்தான். எதைக் கேட்டாலும் சாப்பாட்டில் கொண்டுபோய் முடிப்பார்.

இன்னொரு விஷயம். சர்வீஸ் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சம்மதமானால் 'வில்லிங்', வேண்டாமென்றால் 'அன்வில்லிங்'. இருபதாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். நீயும் அப்பாவும் சொல்லுங்க என்றார். நீங்களே முடிவு பண்ணுங்க என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அவருடைய அப்பா, என் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. "ஸ்டோர் வேலை தானேம்மா. நெழல்ல உக்காந்து எழுதற வேலை. இன்னும் பத்து வருஷம்கூட இருக்கலாம்."

மார்ச் 5, வியாழன்

கரண்ட் இல்லை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை. வேலை கெட்டது.

மாமா உப்பளத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். கையில் ஒரு பை. எங்கள் பாத்தியில் இந்த வருஷம் வாரிய முதல் உப்பு.

"புது எடத்துக்குப் போயிருக்கான். மொதல்ல உப்புதான் உள்ள போவணும்."

அது புது வீட்டுக்கு மாமா, இது பட்டாளத்து ஸ்டோர் என்றேன். எல்லாம் ஒண்ணுதான் என்றார். இத்தனைக்கும் சாங்கியம் சம்பிரதாயம் என்றால் கிண்டல் பண்ணுகிற ஆள். எங்கள் கல்யாணத்துக்கே தேதி பார்க்கக் கூடாது என்று சண்டை போட்டவர்.

கல் உப்பாக அனுப்ப வெட்கம். "ஆபீசருங்க இருக்கற எடம். நைசா இருக்கட்டும்." மிக்ஸியில் அரைத்தேன், மாவு மாதிரி. பெயர் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் கவர், அதன் மேல் இன்னொரு கவர், அதன் மேல் டேப்.

பார்சலில்: முறுக்கு, பாப்பா வரைந்த படம் (அப்பாவுக்கு மூன்று கை), இரண்டு பனியன், உப்பு. கருவாட்டை மட்டும் தடுத்துவிட்டேன். அதற்கு மாமாவுக்குக் கோபம்.

மார்ச் 9, திங்கள்

ஏழாவது அத்தியாயம். படித்திருக்கவே வேண்டாம். ஆனால் படிப்பதற்குத்தானே கூலி.

பழைய போர்களில் ஸ்டோர் பின்னால், பத்திரமாக. இப்போது பின்னால் என்று ஒரு இடமே கிடையாதாம். மேலே பறக்கும் ட்ரோனுக்கு எல்லாம் தெரியும். முதல் அடி ஸ்டோருக்குத்தான், சாப்பாடும் தோட்டாவும் நின்றால் சண்டை தானாக நின்றுவிடும். அதனால் பெரிய ஸ்டோரைச் சின்னச் சின்னதாகப் பிரித்து அடிக்கடி இடம் மாற்றுவார்களாம்.

இடம் மாற்றுவார்களாம்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து பதிந்தேன். கிடங்குகள், இடமாற்றம். கிடங்குகள், தாக்குதல். பக்க எண்ணைத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டேன்.

மாமாவிடம் சொல்லவில்லை. அந்த நிழல்தான் அவருடைய நிம்மதி. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை. முட்டி வலி. மனசு முழுக்க ஏழாம் அத்தியாயம்.

திரும்பும்போது டீக்கடையில் மாமா குரல். தெருவுக்கே கேட்கிறது.

"என் பையன் ஸ்டோர்லப்பா. துப்பாக்கி சத்தமே கேக்காது."

"அப்போ உன் பையன் மளிகைக் கடைதான் வெச்சிருக்கான்னு சொல்லு!"

சிரிப்பு. மாமாவும் சிரித்தார்.  குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

பேராசிரியரிடமிருந்து மெயில். 'பயம்' என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பக்க எண்கள், குறைக்க முடியுமா? ஐயா, எழுதியது நீங்கள். நான் எண்ணித்தான் போட்டேன். இப்படிப் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

மார்ச் 16, திங்கள்

அருள் போன். எடுத்ததுமே சிரிப்பு.

"ஏய் ஸ்டெல்லா, என்னைக் கோர்ட் மார்ஷல் பண்ண வெக்கிறதுக்கா பார்சல் அனுப்பன?"

பெயர் இல்லாத கவர். உள்ளே வெள்ளைப் பவுடர். கேட்க வேண்டுமா? ஆபீசர் கூப்பிட்டு மேஜை மேல் வைத்து, இது என்ன என்றாராம். உப்பு சார். உப்பை எதுக்கு இரண்டாயிரம் மைல் தாண்டி அனுப்புறாங்க? புது இடம் சார், எங்க ஊர்ல முதல்ல உப்புதான் உள்ள போகும். ஆபீசர் நம்பவில்லை. நீயே தின்னு காட்டு என்றாராம். நாலு பேர் முன்னால் ஒரு ஸ்பூன் வாயில் போட்டிருக்கிறார்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, வாந்தி. அவரே தண்ணி குடுத்தாரு. இப்போ அவருக்கும் முட்டைக்குத் தொட்டுக்க நம்ம உப்புதான்."

நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. அரைத்தது நான்தான் என்று மாமா என்மேல் பழி போடுகிறார். நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலம் வரை இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வில்லிங்கா அன்வில்லிங்கா, பேச்சே வரவில்லை. புதன்கிழமை பேசுவதாகச் சொன்னார்.

மார்ச் 17, செவ்வாய்

தாங்க முடியவில்லை. மோர் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். கண் கூசுகிற வெள்ளை. மாமா பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன். ஏழாம் அத்தியாயம் முழுக்க. ஸ்டோர்தான் முதல் குறி, அதனால்தான் இடம் மாற்றுகிறார்கள், அவர் இரண்டு வருஷம் இருக்க வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாம்.

மாமா பலகையை நிறுத்தவில்லை.

"தெரியும்மா."

"எப்படி?"

"செல்லுல பாக்கறேனே, அங்கங்க நடக்கற சண்டைய. எரியறதெல்லாம் ஸ்டோருதான்."

"அப்புறம் ஏன் மாமா ஊர் முழுக்க நிழல்ல உக்காந்து எழுதற வேலைன்னு சொல்றீங்க?"

"சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராதும்மா." மோரை வாங்கிக் குடித்தார். "பயம் இல்லாதவன் உப்பு அனுப்புவானா?"

இந்த மனிதரிடம் போய் நான் மறைத்தேனாம். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவையெல்லாம் உப்புத் தண்ணீர்.

நாளைக்கு அவனிடம் நீயே பேசு என்றார். தான் சொன்னால், அப்பனே நம்மைக் கோழை ஆக்குகிறான் என்று அவன் நினைப்பானாம். சரி என்றேன்.

மார்ச் 18, புதன்

காற்று பலம். துணி காயப் போட்ட கொடி அறுந்தது.

நாலரைக்கு போன். என்ன பேசுவது என்று காலையிலிருந்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஏங்க என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான். மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய் அருளு. போதும்டா. வந்துடு."

நான் எட்டி ஸ்பீக்கரை அழுத்தினேன். 

"அப்பா, நான் போன வாரமே அன்வில்லிங் எழுதிக் குடுத்துட்டேன்பா."

"போன வாரமேவா?"

"நீ டீக்கடையில பெருமையா பேசினு இருக்கியே. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்."

"ஸ்டெல்லா கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடா?"

"அவ கிட்ட சொன்னா அவ மூஞ்சியே உங்கிட்ட சொல்லிடும்."

போனை வாங்கி நன்றாகத் திட்டினேன். என்னைக் கேட்காமல் எப்படி எழுதிக் கொடுக்கலாம் என்று. கேட்டேனே, நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொன்னியே என்றார்.  அழுதேன். அவரும் மூக்கை உறிஞ்சினார், ஜலதோஷம் என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் வந்துவிடுவாராம். அதுவரைக்கும் அதே ஸ்டோர்தான். அதைப் பற்றி மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. நீ சாப்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். பொய்.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதே சொன்னால் தினமும் கேட்டு உயிரை வாங்குவாள்.

அவருடைய அலமாரி முழுக்க என் போர்ப் புத்தகங்கள். மாமா வந்து நிற்கிறார், இதையெல்லாம் எங்கேம்மா வைக்கிறது, அவன் துணிமணிக்கு இடம் வேண்டாமா என்று. ஆகஸ்ட் வரை அங்கேயே இருக்கட்டும் மாமா என்றேன். கேட்கவில்லை. முதல் புத்தகக் கட்டைத் தூக்கிவிட்டார்.