மழை பெய்யாத நாளில் கேட்ட மழைச் சத்தம்

அனுப்புநர்:
கு. பானுமதி,
சத்துணவு அமைப்பாளர்,
மொரப்பூர், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
குழந்தைகள் நலக் குழு,
தருமபுரி.

பொருள்: வளர்ப்புக் குடும்பத்தில் விடப்பட்டுள்ள சிறுமி பூவிழி, வயது 11 – பட்டுப்புழு ஷெட்டில் வைக்கப்பட்டிருப்பதாகச் சந்தேகம் – முன்னறிவிப்பின்றி நேரில் பார்க்கவும், எனது மே மாத அறிக்கையைத் திரும்பப் பெறவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளிகள் மூடியிருப்பதால் சத்துணவுக் கூடத்தில் எனக்கு வேலை குறைவு. தங்கள் குழு என்னைத் தன்னார்வலராக ஏற்று, பூவிழியின் நலனைக் கவனித்து மாதம் ஓர் அறிக்கை தரும் பொறுப்பைக் கொடுத்தது. பெற்றோர் இல்லாத அவள் இருந்த விடுதி கொரோனாவால் மூடப்பட்டதால், பாப்பிரெட்டிப்பட்டி அருகே மாதப்பன், ராணியம்மாள் தம்பதியிடம் கடந்த பிப்ரவரியில் ஒப்படைக்கப்பட்டாள். அவளுக்கு வீசிங் உண்டு. தூசி ஆகாது என்று மருத்துவர் எழுதிய சீட்டு தங்கள் கோப்பில் இருக்கிறது.

2. ஊரடங்கு தொடங்கிய பின் நேரில் போக முடியவில்லை. ஞாயிறுதோறும் வாட்ஸ்அப் வீடியோவில்தான் பேசுகிறோம். மே 16 அன்று பேசியபோது பின்னால் பெரிய மழைச் சத்தம். பூவிழி சொன்னதில் பாதி கேட்கவில்லை. "இங்க நல்ல மழைங்க மேடம், அதாங்க" என்றார் ராணியம்மாள். நானும் நம்பினேன். அரிசி மூட்டையைக்கூட எடை போடாமல் இறக்க விடாதவள் நான். ஒரு குழந்தை விஷயத்தில் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. "மழையால் உரையாடல் தெளிவில்லை, குழந்தை நலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

3. அடுத்த நான்கு ஞாயிறும் சத்தம் இல்லை. நேற்று, ஜூன் 20, மறுபடியும் மழை. ஆனால் பேசும்போது பூவிழியின் பாதி முகத்தில் சுள்ளென்று வெயில் விழுந்திருந்தது. இங்கே என் மாடியில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். பத்து நாளாக ஒரு சொட்டுக்கூட இல்லை என்றான்.

4. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். என் அப்பா பதினைந்து வருடம் பட்டுப்புழு வளர்த்தவர். கூடு கட்டுவதற்கு முந்தைய ஒரு வாரம் புழுக்கள் மல்பெரி இலையை வெறி பிடித்துத் தின்னும். ஷெட்டுக்குள் நின்று கேட்டால் மழையேதான். ஒரு வாரம் பெய்து, ஒரு மாதம் நின்று, மறுபடி பெய்கிறது என்றால் இது அடுத்த பேட்ச். பிப்ரவரியில் நான் போனபோது ஷெட் பூட்டியிருந்தது. "அதெல்லாம் விட்டாச்சுங்க" என்றார் மாதப்பன். இலை துளிர்க்கட்டும் என்று புதிதாகக் கிளை வெட்டிக் கவாத்து செய்த மல்பெரித் தோட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு நானும் சரி என்று தலையாட்டினேன்.

5. கொரோனா பயத்தால் குழந்தையைத் "தனி ரூமில்" வைத்திருப்பதாக மே 10 முதல் சொல்கிறார்கள். தனிமைப்படுத்தல் பதினான்கு நாள்தான். இது நாற்பதைத் தாண்டிவிட்டது, அந்த வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட இல்லை. ரூமைக் காட்டச் சொல்லி மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சிக்னல் போய்விட்டது. புழுவுக்கு நோய் வராமலிருக்க ஷெட்டில் சுண்ணாம்புத் தூளும் மருந்துத் தூளும் தூவுவார்கள். பூவிழி இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை இருமுகிறாள். நான் வாங்கித் தந்த இன்ஹேலர் எங்கே என்று அவளைக் கேட்டதற்கு, "எங்கயோ வெச்சிட்டங்க, தேடிப் பாக்கறங்க" என்று ராணியம்மாள் பதில் சொன்னார்.

6. அவர் பக்கத்திலேயே இருந்ததால் வேறு விதமாகக் கேட்டேன். "அங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ மழ பேயுது கண்ணு?" பூவிழி முதலில் பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு, "நாலு தடவைங்க மேடம். விடியறதுக்கு முன்னாடி ஒண்ணுங்க" என்றாள். உடனே போன் கட்டாகிவிட்டது.

புழுவுக்கு இலை போடுவது ஒரு நாளைக்கு நான்கு முறை, ஐயா. முதல் இலை விடியும் முன். குழந்தை தெரிந்தேதான் எனக்கு அப்படிச் சொன்னாள் என்று நம்புகிறேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட என் மீதே கோபம் வந்தது.

7. என் சந்தேகம் தவறென்றால் அந்தத் தம்பதியிடம் நேரில் மன்னிப்புக் கேட்கத் தயார். ஆனால் ஜூன் 28 அன்று பூவிழியை அங்கேயே மேலும் ஓராண்டு விடுவது பற்றித் தங்கள் குழு முடிவெடுக்க இருக்கிறது. "குழந்தை நலம்" என்ற என் வரியை நம்பி அந்த முடிவை எடுத்துவிட வேண்டாம். மே மாத அறிக்கையை நான் திரும்பப் பெறுகிறேன்.

8. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஓர் அலுவலரை நேரில் அனுப்புங்கள். போகிற செய்தியை அவர்களுக்குப் போனில் சொல்ல வேண்டாம். வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடிக்காமல், முதலில் ஷெட்டுக்குப் போகச் சொல்லுங்கள். வெள்ளிக்குப் பிறகு புழுக்கள் கூடு கட்டத் தொடங்கிவிடும், சத்தம் அடங்கிவிடும். அப்போது யார் போனாலும் பெருக்கி வைத்த ஷெட்டையும், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் ஒரு குழந்தையையும்தான் பார்ப்பார்கள்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கு. பானுமதி

இடம்: மொரப்பூர்
நாள்: 21.06.2021

இணைப்பு:
1. வீட்டு முகவரியும் வழியும்.
2. மே 16, ஜூன் 20 அழைப்புகளின்போது எடுத்த படங்கள்.
3. புது இன்ஹேலர் ஒன்று. இதைக் கோப்பில் வைத்துவிட வேண்டாம். போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.