தண்ணீர் வரிசையில் சிரித்தது

அக்கராயன்,
மாசி 9.

அன்புள்ள மகன் நிருஷனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். பனிக்குள் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் திரியும் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். பிரதீபன் மாமா வயல் வெட்டி முடித்துவிட்டார், கடைசி மழையில் கொஞ்ச நெல் நனைந்துபோனது, மற்றபடி குறையில்லை. போன கிழமை நீ போனில் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகாமில் நீ செய்த வாளிப் பகிடியை இப்போது சர்க்கஸில் செய்யட்டுமா என்று கேட்டாய், எங்கள் கஷ்டத்தை வெள்ளைக்காரருக்குக் காட்டிச் சிரிக்க வைப்பதா என்று கோபித்தேன். உண்மையான காரணம் வேறு.

அப்பாவை முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்து இருபது நாள் இருக்கும். முகாமின் தண்ணீர் வரிசையில் எங்கள் முறை வந்தபோது பவுசர் வண்டியில் தண்ணீர் முடிந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை நீ, வெறும் வாளியைத் தலையில் வைத்து, தளும்பத் தளும்பத் தண்ணீர் இருப்பதுபோல நடந்து, "விலத்துங்கோ, சிந்தப்போகுது" என்று எல்லாரையும் அதட்டினாய். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பின்னால் நின்ற வடிவம்மா அக்கா, "புருசன்ர முப்பத்தொண்டுச் சடங்கும் கழியேல்லை, இவவின்ர சிரிப்பைப் பார்" என்றார். உடனே உன் கன்னத்தில் அறைந்தேன். குழப்படி செய்ததற்கு அடித்தேன் என்றே இன்றுவரை நினைத்திருப்பாய். நான் சிரித்ததற்கு நீ அடி வாங்கினாய் மகன். அதற்குப் பிறகு என் முன்னால் நீ ஒரு பகிடி விட்டதில்லை. வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறாய் என்று உன் ஆசிரியர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது, அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

நேற்றுக் கோயிலில் வடிவம்மா அக்கா உன்னை விசாரித்தார். சாப்பாட்டுக் கடையில் வேலை என்று எல்லாருக்கும் சொல்லும் பொய்யையே சொன்னேன். "அந்தப் பகிடிக்காரன் வந்த சனத்தை எங்க சாப்பிட விடப்போறான்" என்று சிரித்தார். தான் அன்று சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. பிறகு, சர்க்கஸில் கோமாளி என்று சொல்லிவிட்டேன். "அதெண்டால் சரி, பொருத்தமான வேலைதான்" என்றார். இவ்வளவுக்குத்தானா இத்தனை வருடம் பயந்தேன் என்று வீடு வரும்வரை அழுகையாக வந்தது.

அந்த வாளிப் பகிடியைச் செய். அடித்ததையும் மறைக்காமல் காட்டு. வைகாசியில் அப்பாவின் திவசம், அன்றைக்கு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடாதே. பிள்ளையார் உன்னை விழாமல் பார்த்துக்கொள்வார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அடிப்பதற்கு முதல் அந்தத் தாய் சிரித்தாள், நன்றாகச் சிரித்தாள்.

உன் அம்மா,
கௌசலா