ஏலத்தில் என் கேக்

அக்டோபர் 8, செவ்வாய்

கட்டபெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். குன்னூர் வரை டிக்கெட் எடுத்திருந்தும். ஒரு வளைவில் லாரிக்கு வழிவிடப் பஸ் நின்றது, அவ்வளவுதான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, விரல் நுனியெல்லாம் மரத்தது, இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றியது. "ஏனுங்கக்கா, வாந்திங்களா?" என்றார் கண்டக்டர். "ஆமாங்க" என்றேன். பாவம், பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்து இறக்கிவிட்டார்.

எட்டு வருடமாக இல்லாதது. பள்ளிக்கு போன் செய்து வயிறு சரியில்லை என்றேன். ஒரே காலையில் இரண்டு பொய்.

அக்டோபர் 9

தூக்கம் சரியில்லை. அதனால்தான். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

வேறொன்றும் இல்லையாம்! இன்று கோத்தகிரி ஸ்டாண்டிலேயே அந்தப் படபடப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறவே இல்லை. பேக்கரி மறைவில் நின்று அது கிளம்பிப் போவதைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயது, பள்ளி ஆபீஸையே கட்டி மேய்க்கிறவள், பஸ்ஸுக்கு ஒளிந்து நிற்கிறேன். வீட்டுக்காரர் லியோ முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறார். அதனால் வீட்டில் தெரியாது.

அக்டோபர் 16

கண்ணை இறுக மூடிக்கொண்டு எப்படியோ பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். போனால் ரேணுகா காத்திருக்கிறாள். லேபுக்குப் புதிதாக வந்த பெண். பிள்ளைகள் முன்னால் நின்றால் மூச்சு முட்டுகிறதாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள், எல்சா அக்காவுக்கும் இது இருந்து போய்விட்டது, அவர்களைக் கேள் என்று.

டீ வாங்கிக் கொடுத்தேன். மூச்சை மெதுவாக விடச் சொன்னேன். என் இடது கை ஸ்வெட்டர் பைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் எழும்போது, "உங்களப் பாத்தாலே தைரியமா இருக்குங்கக்கா" என்றாள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் அருள்ராஜ் ஐயா பிடித்துக்கொண்டார். "அறுப்பின் பண்டிகைக்கு வழக்கம்போல உங்க சாட்சிதாம்மா. கேக்கை மறந்துராதீங்க."

அந்தக் கேக்! பயம் விட்ட வருடம், பண்டிகையில் எல்லோர் முன்பும் சாட்சி சொல்ல நின்று, "அது என்னை விட்டுப் போயிருச்சு, இனி வராது" என்றேன். மற்றவர்கள் விளைச்சலில் கேரட்டும் தேயிலையும் காணிக்கை வைத்த இடத்தில் நன்றியாக ஒரு கேக்கும் வைத்தேன். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் சர்ச்சுக்காக ஏலம் விடுவார்கள். ஏலத்தில் அதை எடுத்தவர் வீட்டிலும் ஒரு பெண்ணுக்கு இதே தொந்தரவு. அவள் தேறிவிட்டாள். பிறகு ஒவ்வொரு வருடமும் மனசு சரியில்லாத வீட்டார் என் கேக்குக்குத்தான் போட்டி போடுகிறார்கள். ஏலம் விடும் ஷிஜோ, "பயம் போக்குற கேக்!" என்று கூவுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று எழுதினால் அதுவும் பொய்.

இனி வராது என்று என்னை யார் சொல்லச் சொன்னது?

அக்டோபர் 26

லியோவிடம் சொல்லிவிட்டேன். சொன்னேனா, அழுதேனா, தெரியவில்லை. அவர் அடுப்பை அணைத்தார்.

"ஏன் எங்கிட்ட மறச்ச?"

"உங்களுக்கு அலுத்துப் போயிருமேன்னு."

கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அப்பவும் நாந்தான டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன்? இப்ப எனக்கு என்ன, கால் ஒடிஞ்சா போச்சு?"

அக்டோபர் 30

அதே டாக்டர். முடி நரைத்துவிட்டது. "திரும்ப வரலாம்னு அன்னைக்கே சொன்னனேம்மா" என்றார். சொல்லியிருப்பார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

மாத்திரையைப் பைபிள் பக்கத்தில் வைத்தேன். பிறகு எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். யாராவது வீட்டுக்கு வந்தால்?

நவம்பர் 9, சனி

மழை. கேக் செய்துவிட்டேன். கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். தொண்டை கட்டிவிட்டது என்று நாளை சொல்லிக்கொள்ளலாம். லியோவும் சரி என்கிறார். கேக்கை மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கடைசி பெஞ்சில் ரேணுகா. சர்ச்சுக்கே வந்திராத பெண், கேக்கை ஏலம் எடுக்க வந்திருக்கிறாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

தொண்டை கட்டவில்லை. பேர் கூப்பிட்டதும் எழுந்து போனேன். "போன மாசம் எனக்கு மறுபடியும் வந்திருச்சுங்க. மாத்திரை சாப்பிடறேன். இனி வராதுன்னு நான் சொன்னது தப்புங்க" என்றேன். வழக்கமாக அல்லேலூயா சொல்லும் இடம். யாரும் சொல்லவில்லை. கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் மட்டும்.

ஏலத்தில் ஷிஜோ கேக்கைத் தூக்கினார். என்ன கூவுவது என்று தெரியாமல், "ஒரு கேக்" என்றார். ஒரு கையும் எழவில்லை. திரும்பிப் பார்த்தேன், ரேணுகா இருந்த இடம் காலி. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். கடைசியில் லியோ கை தூக்கினார். என் கேக்கை என் புருஷனே ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வெட்டி ஒரு துண்டு வாயில் போட்டார். மென்றார். "எல்சா, சர்க்கரையே போடலயே நீ. நல்லவேளை, வேற யாரும் எடுக்கல!"

இருவரும் சிரித்தோம். எனக்கு வயிறு வலித்துவிட்டது. கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன்?

நவம்பர் 11

ரேணுகா கதவைக்கூடத் தட்டவில்லை. நேராக ஆபீஸுக்குள் வந்து நின்றாள். "உங்களுக்கே திரும்பி வருதுன்னா, எனக்கு எப்பத்தாங்கக்கா போகும்?" கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தெரியலம்மா" என்றேன். "ஆனா எட்டு வருசம் நல்லா இருந்தேன். அது பொய்யில்ல." என் கை நடுங்கியது. இந்த முறை மேஜை மேலேயே வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு டாக்டர் பேரைக் கேட்டாள்.

நவம்பர் 15

மாத்திரை இப்போது டீத்தூள் டப்பா பக்கத்தில்.

நவம்பர் 23, சனி

பஸ் கட்டபெட்டு வரும்போது மறுபடியும் அது வந்துவிட்டது. எழுந்தேன். அதே கண்டக்டர், கை எலுமிச்சம்பழத்துக்குப் போயிற்று. "வாந்தி இல்லீங்க" என்றேன். "பயம்." பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது. கண்டக்டர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "பின்னாலயே அடுத்த வண்டி வருதுங்க. செத்த நேரம் உக்காந்துட்டு அதுல வாங்க" என்று விசில் ஊதினார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வண்டி வந்தது.

குன்னூர் ஸ்டாண்டில் ரேணுகா காத்திருந்தாள், டாக்டரிடம் சேர்ந்து போவதாகப் பேச்சு. "லேட்டாயிருச்சும்மா, நடுவுல இறங்கிட்டேன்" என்றேன்.

"மறுபடி ஏறிட்டீங்கள்ல?" என்றாள்.