சோபாவுக்குத் தைத்த புடவை

நங்கை,

இன்று காலை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையில் சோபா உறை பார்த்துக்கொண்டிருந்தேன். எலாஸ்டிக் வைத்தது, எந்த சோபாவுக்கும் இழுத்து மாட்டிவிடலாம் என்றார் கடைக்காரர். பிரித்துக் காட்டியதும் புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து வண்டி பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அண்ணன் உங்களைக் கட்டி வந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் உங்களிடம்தான் ஓடி வந்திருக்கிறேன். இன்றும் அப்படித்தான் வந்திருக்கிறேன்.

அதே வாசம்தான் அன்று உங்கள் பீளமேட்டு வீட்டிலும். உங்கள் மகள் பாப்பாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வருவதாக இருந்தது. ஆபீசில் பழகி இருவரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்ட சம்பந்தம். பையனுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அவருக்கு இதில் இஷ்டமில்லை, ஒரு குறை அகப்பட்டால் எழுந்து போய்விடுவார் என்று பாப்பா முதல் நாளே அழுது முகம் வீங்கியிருந்தாள். அண்ணனும் இறந்துவிட்ட வீட்டில் முன்னால் வந்து பேச உங்களைத் தவிர யார்? நம் உறவிலேயே சிலர் அதுவும் கூடாது என்றார்கள். நல்ல காரியத்தில் தாலியில்லாதவர் சமையல்கட்டோடு நின்றுகொள்ள வேண்டுமாம். நீங்கள் பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துப் போட்டீர்கள்.

சோபாவின் ரெக்சின் உரிந்து பஞ்சு தெரிந்தது. புதிது வாங்கித் தருகிறேன் என்ற என்னை முறைத்த முறைப்பை இப்போதும் மறக்க முடியாது. நீங்கள் வெட்ட வெட்ட நான் தைத்தேன். அடியில் அண்ணனின் பழைய வேட்டி, மேலே புடவை, முன்விளிம்பில் கரை வரும்படி வைத்து, உறை நழுவாமல் இருக்கக் கீழே நாடா. அவசரத்தில் மூலைத் தையல் விட்டுப்போய், பிரித்து மறுபடி தைத்தேன். பாப்பா ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெரிய உறையை இஸ்திரி போடும்போதுதான் கவனித்தேன். மடிப்புக் கோடு போகவே இல்லை. கட்டித் துவைத்த புடவையில் மடிப்பு அப்படிப் பிடிவாதமாக நிற்காது. அது ஒரு தடவைகூட உடுத்தாத புடவை. அண்ணன் இறந்த அன்று உறவுக்காரர்கள் உங்களுக்குப் போட்ட கோடி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

“நங்கை, கோடி மேலயா சம்பந்தி ஊட்டுக்காரங்கள உக்கார வெக்கறது?”

“என்னையக் கட்டிக்கச் சொல்லிக் குடுத்தாங்கல்ல, அப்ப ஒருத்தருக்கும் கூசுல” என்றீர்கள். நான் மேற்கொண்டு பேசுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

மாமன் நடுவில் உட்கார்ந்தார், ஒரு பக்கம் பையன், மறுபக்கம் அவன் அம்மா. நீங்கள் எதிரே நாற்காலியில். நான் காபி கொண்டுவந்தபோது தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. மாமன் அளந்து அளந்துதான் பேசினார். வேலை, ஜாதகம் என்று பேச்சு ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்த அம்மா கரையைத் தடவியபடி கேட்டார்: “உறை ரொம்ப நல்லா இருக்குதுங்க. எங்கீங்க வாங்குனது?” என் நாக்கில் ஒரு கடையின் பெயர் தயாராக இருந்தது. நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

“எங்க ஊட்டுக்காரரு போனப்ப எனக்குப் போட்ட கோடிங்க. கட்டறதுக்கு மனசு வருல. வீணாப் போகுதேன்னு தெச்சுப்போட்டேன்.”

மாமன் தேள் கொட்டினதுபோல எழுந்தார். எந்த ஊர் வழக்கம் இது, வரும்போதே அபசகுனமா என்று கத்திவிட்டுத் தங்கையையும் எழச் சொன்னார். கதவுக்குப் பின்னால் பாப்பா விசும்பியது எனக்குக் கேட்டது. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். உங்கள்மேல் அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, நங்கை.

அந்த அம்மா எழவில்லை. கையையும் கரையிலிருந்து எடுக்கவில்லை.

“நீங்க வேணும்னா கார்ல இருங்கண்ணா. எனக்குப் போட்டதும் பொட்டியிலதான் கெடக்குது” என்றார்.

மாமன் காருக்குப் போகவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கடைசி வரை நின்றுகொண்டே இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நீங்கள் இருவருமே பேசி நாள் குறித்தீர்கள்.

அவர்கள் போன பிறகும் நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. சண்டை பிடிக்கலாம் என்றுதான் கிட்டே வந்தேன். “கால் நிக்க மாட்டீங்குது அம்மணி, புடிச்சுக்கோ” என்றீர்கள். உங்கள் கை சில்லிட்டிருந்தது. அத்தனை வருடமும் உங்களுக்குப் பயம் என்பதே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

நான்கு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டியிருந்தால் எனக்கு இப்போதும் நடுக்கம் வருகிறது. வரட்டும் என்று விட்டுவிட்டுப் பேசிவிடுகிறேன், நங்கை.