நாற்பத்தேழாம் எண் கடிதம்

எண் 46
ஜூன் 2

அன்புள்ள வாலுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று மொட்டையாக எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே விவரமாக: இரத்த அழுத்தம் சரி, முழங்கால் வலி படி இறங்கும்போது மட்டும், சமையல், தின்னக்கூடிய அளவில்.

முகாமில் கைபேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உன்னைப் பேசவிடாமல் வைத்திருக்க ஒரு நிறுவனத்தால் முடிந்திருக்கிறது. நான் முப்பது வருடமாக முயன்று தோற்றவன்.

என் தங்கை ஓட்டக்காரி என்பதை எங்கள் ஊக்கமருந்து தடுப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் முகாமுக்குச் சிறுநீர், இரத்த மாதிரி எடுக்க வரும் குழுவில் நான் இருக்கமாட்டேன். எந்தக் குழு எந்த நாளில் எங்கே போகும் என்ற பட்டியல் மட்டும் என் மேசையில் தயாராகிறது. அதைப் பற்றி நீ கேட்கக்கூடாது, நான் சொல்லக்கூடாது.

முப்பதாம் தேதி நாட்டு அணிக்கான தேர்வுப் போட்டி. முதல் மூவரில் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த உன் தற்காலிக வங்கி வேலை நிரந்தரமாகும். உனக்கு முப்பத்திரண்டு வயது. அடுத்த தேர்வு நான்கு வருடம் கழித்து. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத் திரும்பச் சொல்வது என் நோய்.

சளி மாத்திரைகூடத் தடை மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் விழுங்காதே.

உன் அண்ணன்

*

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கைக்கு எழுதும் கடிதத்துக்குக்கூட எண் போட்டுப் பிரதி எடுத்து வைக்கும் மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். இந்தக் கடிதத்துக்கு எண் போடாதீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்.

இங்கே ஆறு பேர் இருக்கிறோம். வந்த நான்காம் நாளிலிருந்து முகாம் டாக்டர் எங்களுக்கு ஊசி போடுகிறார். சத்து ஊசி என்றார். மூன்றாவது ஊசியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தாயிரம் மீட்டரில் கடைசி நான்கு சுற்று எப்படி இருக்கும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா, கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். அன்றைக்கு ஓடி முடித்த பிறகும் எனக்கு மூச்சு மிச்சம் இருந்தது. என் நேரத்தில் இருபத்தெட்டு வினாடி குறைந்திருந்தது. பதினாறு வருடமாக ஓடுகிறேன் அண்ணா, ஒரு நாளும் மூச்சு மிச்சம் இருந்ததில்லை. அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது தலைவலி விடுவதில்லை. கெண்டைக்காலில் கல்லைக் கட்டிவிட்டதுபோல் இருக்கிறது. டாக்டர் தினமும் விரலில் குத்திப் பார்க்கிறார். "ரத்தம் பாகு மாதிரி இருக்கும்மா, இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி குடி" என்கிறார், ஏதோ செடிக்கு ஊற்றச் சொல்வதுபோல. முதலில் நாங்கள் ஏழு பேர். வேண்டாம் என்று சொன்னவளை, காலில் காயம் என்று எழுதி மறுநாளே பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். பணக்கார நாட்டுக்காரி, மலை உச்சியில் இருப்பதுபோலக் காற்றைக் குறைத்து அடைத்த அறையில் மாதக்கணக்கில் தூங்கி இரத்தத்தை ஏற்றிக்கொள்கிறாள். வேகம் கூட்ட அடியில் தகடு வைத்த காலணி போட்டுக்கொள்கிறாள். அதெல்லாம் உங்கள் பட்டியலில் சரி. எனக்கு ஊசி மட்டும் தப்பா?

இதைச் சலவைக்கடைக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். முகாமுக்கு வரும் தபாலை ஆபீசில் வாங்கிக்கொள்கிறார்கள். பதிலை அவர் கடை விலாசத்துக்கே எழுதுங்கள்.

வாலு

*

எண் 47
ஜூன் 13

அன்புள்ள வாலுக்கு,

நீ சொன்னபடி சும்மா உட்கார்ந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டேன்.

கேள்விக்கு முதலில் பதில். உனக்கு மூச்சு மிச்சமிருந்தது பொய்யல்ல. சிவப்பணுக்கள் கூடினால் தசைக்குப் பிராணவாயு கூடுதலாகப் போகும். அந்த மருந்து வேலை செய்யாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேலை செய்வதால்தான் தடை. அறையில் தூங்குபவளின் உடம்பு, போதும் என்று கண்டதும் தானே நிறுத்திக்கொள்ளும். ஊசி உடம்பைக் கேட்பதில்லை. இரத்தம் தடித்துக்கொண்டே போகும், காலில் கட்டியாகும், அந்தக் கட்டி நுரையீரலுக்கு நகர்ந்தால் ஓட்டக்காரி, அதிகாரி என்ற பேதமெல்லாம் இல்லை. இந்த மேசையில் அப்படி மூன்று கோப்புகளை மூடியிருக்கிறேன். மூவரில் மூத்தவனுக்கு இருபத்தாறு வயது. காலணி யாரையும் கொன்றதாகக் கோப்பு இல்லை.

அறைக்குப் பணம் வேண்டும் என்பது அநியாயம்தான்.

விதிப்படி, எனக்குத் தெரியவந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மேலிடத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நாற்பத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது. அறிவிக்கவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்: குழு பத்தொன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு உங்கள் முகாமுக்கு வருகிறது. இந்தக் கடிதம் கிடைத்த நிமிடத்திலிருந்து ஊசி போட்டுக்கொள்ளாதே. நான்கு நாளில் வெளியேறிவிடும். வயிற்றுவலி என்று சொல், மயங்கி விழு, உன் இஷ்டம்.

சலவைக்கடைக்காரரின் துணி மூட்டையில் இதை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. உரிய நாளில் சேர்ந்தே ஆக வேண்டும். ஆகவே முகாம் விலாசத்துக்கே, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பெறுநர் கையெழுத்து இல்லாமல் கொடுக்கமாட்டார்கள்.

உன் அண்ணன்

*

ஜூன் 16

அண்ணா,

முகாமில் எல்லோருடைய பதிவுத் தபாலுக்கும் ஆபீசில் ஒருவர்தான் கையெழுத்துப் போடுவார்.

நேற்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் உங்கள் கடிதம், பக்கத்தில் நான்கு நகல். சிரித்த முகமாகத்தான் பேசினார். "இருபது வருஷமா நான் எத்தனையோ அதிகாரிங்களைப் பார்த்திருக்கேன்மா. காதுல சொல்வாங்க, கண்ணைக் காட்டுவாங்க. எண் போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு ரிஜிஸ்டர்ல அனுப்பினவர் உங்க அண்ணன்தான். மனுஷன் தங்கம்."

"அவரை விட்டுடுங்க சார்" என்றேன்.

"விடறதா? அவர் இனிமே நம்ம ஆள். அடுத்த மூணு மாசச் சோதனைப் பட்டியல் இருபதாம் தேதிக்குள்ள வரணும். வரலேன்னா இந்த நகல் பத்திரிகைக்குப் போகும். நீ ஒண்ணும் கவலைப்படாதே, போய் நல்லாத் தூங்கு."

நேற்றிலிருந்து ஆறு பேருக்கும் ஊசி இல்லை. நன்றாகக் கவனியுங்கள், ஆறு பேருக்கும். உங்கள் தயவு.

இன்று காலை நெட்டை மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். என் பக்கத்துக் கட்டில்காரி. இடதுகால் வலதைப்போல ஒன்றரை மடங்கு வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தக் கட்டி என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். "கீழ விழுந்துட்டேன்னு சொல்லு" என்று டாக்டர் அவள் காதில் சொன்னதை நான் கேட்டேன். அவளும் தலையாட்டினாள். வீட்டில் நான்கு பேர் அவள் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள்.

அண்ணா, பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு தடவை. முப்பதாம் தேதி வரைக்கும். எனக்கு ஓடவும் பயம், நிற்கவும் பயம். வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது, யாரும் பூட்டவில்லை. வெளியே போனால் எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

வாலு

*

ஜூன் 19

அன்புள்ள வாலுக்கு,

இதைச் சலவைக்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். நீ சொன்ன அன்றே செய்திருக்க வேண்டும்.

உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. பத்தே காலுக்கு இயக்குநர் அறைக்குப் போய் நாற்பத்தேழாம் எண்ணின் பிரதியை அவர்முன் வைத்தேன். இரண்டு முறை படித்தார். "உங்களுக்கு என்ன சார் ஆச்சு? நீங்க குடை மறந்துட்டு வந்தாக்கூட விளக்கம் எழுதிக் கொடுப்பீங்களே" என்றார். இப்போதும் விளக்கம்தான் கொடுத்திருக்கிறேன் என்றேன். பிற்பகலில் பணியிடைநீக்க உத்தரவு வந்தது. இன்று காலைக்குக் காத்திராமல் குழுவை நேற்று மாலையே அனுப்பிவிட்டார்கள். இதற்குள் உன் மாதிரியும் எடுத்திருப்பார்கள். அந்த நகலை இனி டாக்டர் பத்திரிகைக்குக் கொடுக்கலாம். என்னிடமிருந்து அவர் பிடுங்க வேறு ஒன்றும் இல்லை.

என் கடிதத்தைத்தான் கொடுத்தேன். உன் கடிதங்களைக் கொடுக்கவில்லை. அவை இதனுடன் இருக்கின்றன. எண் போடவில்லை, பிரதி எடுக்கவில்லை. அவற்றை என்ன செய்வது என்பது உன் உரிமை.

ஆனால் இருபத்தைந்தாம் தேதி என்னை விசாரிக்கிறார்கள். உன்னை நிறுத்தச் சொன்னேன் என்றால், நீ எடுத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் உண்மையைச் சொல்வேன். பொய் சொல்லிப் பார்க்கலாம் என்று நேற்று கண்ணாடிமுன் நின்றேன்; வரவில்லை. எனக்கு முன்னால் நீ போய்ச் சொன்னால் அது உன் வாக்குமூலம்; நான்கு வருடத் தடை இரண்டாகக் குறைய விதியில் இடமுண்டு. எனக்குப் பின்னால் சொன்னால் அது என் சாட்சியத்துக்கு நீ போடும் கையெழுத்து.

எதற்கும் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தையும் கால்களையும் பார்த்துக்கொள். இது விதி அல்ல. கெஞ்சுகிறேன்.

உன் அண்ணன்

*

ஜூன் 28

அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டி இல்லை. இரத்தம் இளகிக்கொண்டு வருகிறது என்றார்கள்.

இருபத்துநான்காம் தேதி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். உங்கள் நாற்காலியில் வேறொருவர். என் கடிதங்களை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஊசி போட்டது யார் என்று கேட்டார். சொன்னேன்.

நேற்று முடிவு வந்தது. மாதிரி கொடுத்த ஐந்து பேரின் உடம்பிலும் ஒன்றும் இல்லை. என் உடம்பிலும்தான். நான்கு நாள் என்று நீங்கள் போட்ட கணக்கைவிட ஒரு நாள் முன்னாலேயே குழு வந்தும், கணக்கு சரியாகத்தான் இருந்தது. மற்ற நால்வரும் தங்களுக்கு ஊசியே போடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கீழே விழுந்தேன் என்று நெட்டை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொடுத்தாள். நான் வெளியில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விசாரணை தொடரும் என்கிறார்கள். நாளை மறுநாள் அவர்கள் நான்கு பேரும் ஓடுகிறார்கள். ஒப்புக்கொண்ட எனக்கு மட்டும் இரண்டு வருடத் தடை. வேலை இல்லை என்று வங்கியிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது.

நெட்டையைப் பார்க்கப் போனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "உங்க அண்ணன் உன்னைக் காப்பாத்தினாரா, எங்களைக் காப்பாத்தினாரா, நீயே சொல்லு" என்றாள்.

நீங்கள் உண்மையைச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. ஆயுள் முழுக்க விதியைப் பார்த்து நடந்தவர் எனக்காக ஒரே ஒரு தடவை மீறினீர்கள்; அதில் தப்பித்தவர்கள் அவர்கள். முதல் நாளே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நாங்கள் ஆறு பேரும் மாட்டிக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருப்போம். நானும் அவர்களோடு சேர்ந்து திட்டியிருப்பேன்.

தோழி ஒருத்தியின் மாடி அறையில் இருக்கிறேன். விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. தேடி வராதீர்கள். இப்போதைக்கு எழுதவும் வேண்டாம். எழுதாமல் உங்களால் இருக்க முடியாது என்று தெரியும். வந்தால் பிரிக்காமல் வைத்திருப்பேன். கிழிக்கமாட்டேன்.

தங்கை