துருத்தி பிடித்த கை

பிப்ரவரி 4, ஞாயிறு

பழங்காநத்தம் அச்சகத்து மாடியில் வழக்கம்போல ஆர்மோனிய சங்கம். எட்டுப் பேர், எட்டுப் பெட்டி. என் முறை வந்ததும் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து நிறுத்தினேன். துருத்தி தள்ளுகிற இடது கை நடுங்கியது. சத்தமும் சேர்ந்து ஆடியது. செத்தேன் என்று நினைத்தேன்.

செயலாளர் சந்தானம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "அடடா, என்ன குழைவும்மா சுபலட்சுமி! எங்க கத்துக்கிட்ட?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் ஈயென்று இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 6

காபி டம்ளரை இடது கையால் எடுப்பதில்லை. வீட்டுக்காரர் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 9

அம்மாவுக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது. நாலே வருஷத்தில் சோறு ஊட்டிவிட வேண்டியதாகிப்போச்சு. எனக்கு ஐம்பத்திரண்டு. கணக்குப் போடாதே, போடாதே என்கிறேன் — போட்டுக்கிட்டேதான் இருக்கேன். பயமா இருக்கு. பெட்டியும் போயிட்டா எனக்குன்னு என்ன இருக்கு?

பிப்ரவரி 11, ஞாயிறு

மோசம் போனேன். ஆண்டு விழாவில் எட்டுப் பேரும் 'சுபலட்சுமி குழைவு' வாசிக்கணுமாம்! பேரே வச்சாச்சு. பேங்க்கில் வேலை பார்க்கும் சத்யப்ரியா கையை உதறி உதறித் துருத்தி தள்ளுகிறாள். "வரமாட்டேங்குதுக்கா. எம்புட்டு நாள் பழகுனீங்க?"

வராமலே இருக்கட்டும் தாயி என்று வாய்வரை வந்தது. "ஆறு மாசம்" என்றேன். பொய்யில்லை. ஆடியிலிருந்துதான் நடுங்குது.

பிப்ரவரி 14

டாக்டரிடம் போனால் பேர் வைத்துவிடுவார். பேர் வைக்காதவரைக்கும் இது வெறும் கை.

பிப்ரவரி 18, ஞாயிறு

சொல்லிட்டேன்.

சத்யப்ரியா தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து மறுபடி உதற ஆரம்பித்தாள். தாங்கலை. "நிறுத்துடி! அது வித்தையில்ல, வியாதி!" என்று கத்திவிட்டேன். எட்டுப் பெட்டியும் அடங்கிப்போச்சு. சந்தானம் அண்ணன் முகம் செத்துவிட்டது. "நான் கை வேற தட்டுனேனேம்மா..." என்றார்.

பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே, பெரிய மௌனசாமி! சண்டை போட்டேன், அப்புறம் அழுதேன்.

பிப்ரவரி 23

நரம்பு டாக்டர் பேர் வைத்துவிட்டார். அம்மாவுக்கு வைத்த அதே பேர். மாத்திரை குறைக்குமாம், நிறுத்தாதாம்.

மார்ச் 3, ஞாயிறு

விலகுகிறேன் என்று சொல்லிப் பெட்டியை எடுத்துவரத்தான் போனேன். சத்யப்ரியா என் பெட்டிக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து துருத்தியில் கை வைத்திருந்தாள். "நீங்க வாசிங்கக்கா, நான் தள்ளுறேன்."

எருமை மாதிரி தள்ளுகிறாள். "மெதுவாடி, மெதுவா" என்று பாட்டு முழுக்கத் திட்டினேன். "திட்டுங்க, ஆனா நிறுத்தாதீங்க" என்றாள். சத்தம் ஆடாமல் நின்றது.

நான் யாரையும் பார்க்கவில்லை. கட்டைமேல் ஓடுகிற என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை இன்றைக்கு வரைக்கும் நடுங்கவில்லை.